நாடாவுக்குள் இருந்து வந்தவன்: குவாசிமோட்டோவின் ‘தி அன்சீன்’

2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டோன்ஸ் த்ரோ என்ற சிறிய இசை நிறுவனம் ‘தி அன்சீன்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. உறையில் கலைஞரின் பெயராக இருந்தது ‘குவாசிமோட்டோ’. அப்படி ஓர் ஆள் கிடையாது. ஹீலியம் பலூனின் காற்றை உள்ளிழுத்தவர் பேசுவதுபோல் கீச்சென்று ஒலிக்கும் ஒரு குரலுக்கு வைத்த பெயர் அது. அந்தக் குரலோடு இடையிடையே இன்னொரு குரலும் பேசுகிறது. தாழ்ந்த, சோம்பலான, அவசரமே இல்லாத ஆண்குரல். அது மேட்லிபுடையது. ஆல்பத்தின் பீட்களை அமைத்தவர், இரண்டு குரல்களிலும் ராப் செய்தவர், பழைய இசைத்தட்டுகளிலிருந்து துணுக்குகளைத் தேடியெடுத்து ஒட்டியவர், எல்லாம் ஒருவரே. அவருடைய இயற்பெயர் ஓட்டிஸ் ஜாக்சன் ஜூனியர்.

அவரை ஹிப் ஹாப் உலகம் ‘தயாரிப்பாளர்’ என்று அழைக்கிறது. தமிழ்த் திரையுலகில் இந்தச் சொல் பணம் போடுபவரைக் குறிக்கும். ஹிப் ஹாப்பில் பொருள் முற்றிலும் வேறு. ராப் பாடகரின் சொற்களுக்கு அடியில் ஓடும் தாளத்தையும் இசையையும், அதாவது ‘பீட்’டை, உருவாக்குபவரே அங்கே தயாரிப்பாளர். நம் ஊர்க் கணக்கில் இசையமைப்பாளர், இசைக் கோர்ப்பாளர், ஒலிப்பதிவுக் கலைஞர் ஆகிய மூவரின் வேலையும் அவர் ஒருவருடையது. பெரும்பாலும் அவர் முன்னால் வருவதில்லை. ஒலிவாங்கியின் முன் நிற்பவர் ராப் பாடகர். பின்னறையில் இருப்பவர் தயாரிப்பாளர். பின்னறையை விட்டு வர விரும்பாத ஒருவர், தன் குரலில் பேசவும் கூசிய ஒருவர், தனி ஆல்பம் ஒன்றை எப்படிச் செய்தார் என்பதே ‘தி அன்சீன்’ ஆல்பத்தின் வரலாறு.

ஓட்டிஸ் ஜாக்சன் ஜூனியர் 1973 அக்டோபர் 24 அன்று பிறந்தார். சொந்த ஊர் ஆக்ஸ்நார்ட். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடமேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கரையில், ஸ்ட்ராபெர்ரி வயல்களுக்குப் பேர்போன ஊர் அது. ஹிப் ஹாப் பிறந்த நியூயார்க்கின் பிராங்ஸிலிருந்து ஒரு கண்டத்தின் அகலம் தள்ளி இருக்கிறது. மேற்குக் கரை ராப்பின் தலைநகரங்களான காம்ப்டனும் லாங் பீச்சும்கூட அதற்குப் பக்கத்து ஊர்கள் அல்ல. ஆனால் அவருடைய வீட்டில் இசைக்குக் குறைவில்லை. தந்தை ஓட்டிஸ் ஜாக்சன் சீனியர் சோல் பாடகர். தாய் டோரா சினெஸ்கா பாடல்கள் எழுதியவர். மாமா ஜான் ஃபாடிஸ், ஜாஸ் மேதை டிஸ்ஸி கில்லஸ்பியின் வழியில் வளர்ந்த புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞர். தம்பி பின்னாளில் ‘ஓ நோ’ என்ற பெயரில் தானும் ஒரு தயாரிப்பாளரானார். வீட்டில் சோல் தட்டுகளும் ஜாஸ் தட்டுகளும் நிறைந்திருந்தன. மேட்லிப் பின்னால் செய்த எல்லாவற்றுக்கும் மூலதனம் இந்தச் செவிப் பழக்கம்தான்.

ஆக்ஸ்நார்டில் நண்பர்கள் வைல்ட்சைல்ட், டி.ஜே. ரோம்ஸ் இருவரோடும் சேர்ந்து அவர் ‘லூட்பேக்’ என்ற குழுவைத் தொடங்கினார். 1993-இல் தா அல்கஹாலிக்ஸ் குழுவின் முதல் ஆல்பமான ‘21 அண்ட் ஓவர்’ ஆல்பத்தில் அவருடைய கைவேலை முதன்முதலாகப் பரவலாகக் கேட்டது. பெரிய நிறுவனம் எதுவும் லூட்பேக்கைத் தேடி வரவில்லை. தந்தையே ‘கிரேட் டிகாஸ் பேலஸ்’ என்ற பெயரில் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, 1996-இல் மகனின் குழுவுக்கு ‘சைக் மூவ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அது கைமாறிக் கைமாறி ஒரு டி.ஜே.யின் காதுக்குப் போனது. அந்த டி.ஜே. கிறிஸ் மானாக். இசையுலகில் அவருக்குப் ‘பீநட் பட்டர் வுல்ஃப்’ என்று பெயர்.

வுல்ஃபின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் ‘தி அன்சீன்’ வெளிவந்ததற்கு அவரே காரணம். சான் ஹோசே நகரத்தைச் சேர்ந்த அவர், சரிஸ்மா என்ற இளம் ராப் பாடகரோடு இணைந்து இசை செய்துவந்தார். 1993 டிசம்பரில் சரிஸ்மா சுட்டுக் கொல்லப்பட்டார். நண்பனோடு பதிவு செய்தவை வெளிவராமலே கிடந்தன. அவற்றை உலகுக்குக் கொடுப்பதற்காகவே வுல்ஃப் 1996-இல் ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் வெளியீடும் அந்த இருவரின் பாடல்தான். இப்படித் துக்கத்திலிருந்து பிறந்த நிறுவனம் விற்பனைக் கணக்கை முன்னால் வைக்கவில்லை. லூட்பேக்கை அவர் ஒப்பந்தம் செய்தார். 1999-இல் அவர்களுடைய ‘சவுண்ட்பீசஸ்: டா ஆன்டிடோட்!’ ஆல்பம் வெளிவந்தது.

இதே ஆண்டுகளில் மேட்லிப் தனியறையில் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார். அதைப் புரிந்துகொள்ள அவர் கையாண்ட கருவியைத் தெரிந்துகொள்வது அவசியம்.

1987-இல் ஈ-மு நிறுவனம் வெளியிட்ட எஸ்.பி.-1200 என்ற சாம்ப்ளர், அடுத்த பத்தாண்டு ஹிப் ஹாப்பின் ஒலியைத் தீர்மானித்த இயந்திரங்களுள் ஒன்று. இசைத்தட்டிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சேமித்து, விசைகளைத் தட்டும்போது அதைத் திரும்ப ஒலிப்பது அதன் வேலை. ஆனால் அதன் நினைவகம் மிகச் சிறியது. மொத்தமாக ஏறத்தாழ 10 விநாடி ஒலியைத்தான் பிடித்து வைக்கும். ஒலியின் தரமும் 12 பிட்தான். குறுந்தகட்டின் தரம் 16 பிட். இந்த வறுமையைச் சமாளிக்க நியூயார்க் தயாரிப்பாளர்கள் ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று சுழல வேண்டிய தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவு செய்வார்கள். இசை வேகமாக ஓடும். அதனால் 10 விநாடிக்குள் 13 விநாடிக்கும் மேலான இசை அடங்கிவிடும். பிறகு சாம்ப்ளருக்குள் அதன் வேகத்தைக் குறைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் ஒலி கொஞ்சம் நைந்து, மணல் படிந்ததுபோல் ஆகும். அந்த நைவையே ரசிகர்கள் விரும்பத் தொடங்கினார்கள். 1990-களின் கிழக்குக் கரை ஹிப் ஹாப்பில் கேட்கும் கரகரப்பு பெரிதும் இந்தச் சிக்கனத்தின் விளைவு.

எஸ்.பி.-1200இல் வேலை செய்து பழகிய ஒருவருக்கு, ஒலியின் வேகம் என்பது களிமண்ணைப்போல் இழுக்கவும் அமுக்கவும் கூடிய ஒன்று. மேட்லிப் அந்தப் பழக்கத்தைத் தன் தொண்டையின் மேல் பிரயோகித்தார்.

தன் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. அது மிகவும் தாழ்ந்து ஒலிப்பதாக நினைத்தார் என்று நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். எனவே அவர் இப்படிச் செய்தார். பீட்டை நாடாவில் பதிவு செய்து, நாடாவின் ஓட்டத்தை மெதுவாக்குவார். மெதுவாக ஓடும் அந்தப் பீட்டின் மேல், அதற்கேற்பச் சொற்களை இழுத்து இழுத்து ராப் செய்வார். பதிவு முடிந்ததும் நாடாவை இயல்பான வேகத்துக்குத் திருப்புவார். பீட் தன் பழைய வேகத்துக்கும் சுருதிக்கும் வந்துவிடும். குரல் மட்டும் மேலே ஏறி நிற்கும்.

கணக்கு எளிது. நாடாவின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துப் பாடினால், வேகம் திரும்பும்போது குரல் ஸட்ஜத்திலிருந்து சுத்த மத்தியமத்துக்கு ஏறியிருக்கும். பாதியாகக் குறைத்தால் மேல்ஸ்தாயி ஸட்ஜத்துக்கே போய்விடும். சுருதி ஏறுவதோடு இது நிற்பதில்லை. மனிதக் குரலின் தனித்தன்மை தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் அளவைப் பொறுத்தது. நாடா வேகமாக ஓடும்போது அந்தக் குழாயின் அதிர்வுகளும் சேர்ந்தே மேலே நகர்கின்றன. அதனால் கேட்பவரின் காது, மேல்ஸ்தாயியில் பாடும் ஒரு மனிதரை உணர்வதில்லை. உடலே சிறுத்துப்போன ஓர் உயிரை உணர்கிறது. குவாசிமோட்டோ குழந்தையுமல்ல, பெண்ணுமல்ல, ஆணுமல்ல. சின்னஞ்சிறு ஜந்து ஒன்று உலக அனுபவம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து பேசுவதுபோல் இருக்கிறது. மெதுவாக உச்சரித்த சொற்கள் வேகம் பெற்றதால் அவற்றின் விளிம்புகளில் இயற்கைக்குப் புறம்பான ஒரு நெளிவும் இருக்கிறது. கூர்ந்து கேட்டால், அந்த நெளிவில்தான் அவனுடைய போக்கிரித்தனம் முழுவதும் இருப்பது தெரியும்.

இந்த உத்தி மேட்லிபின் கண்டுபிடிப்பு அல்ல. 1958-இல் ராஸ் பாக்தசாரியன் இதே வழியில் ‘சிப்மங்க்ஸ்’ என்ற அணில்களின் குரலை உருவாக்கி அமெரிக்கா முழுவதையும் சிரிக்க வைத்தார். 1977-இல் ஜார்ஜ் கிளின்டனின் பார்லிமென்ட் குழு, ‘சர் நோஸ்’ என்ற ஆட மறுக்கும் வில்லனுக்கு உருமாற்றிய குரலைக் கொடுத்தது. 1986-இல் பிரின்ஸ் தன் குரலை உயர்த்தி ‘கமீல்’ என்ற பெயரில் ஓர் ஆல்பமே பதிவு செய்து, கடைசி நேரத்தில் அதை நிறுத்திவைத்தார். அதன் பாடல்கள் சிதறி அவருடைய வேறு வெளியீடுகளில் சேர்ந்தன. இந்த முன்னோர்களிடமிருந்து மேட்லிப் விலகும் இடம் ஒன்று உண்டு. அவர்களுடைய குரல்கள் வேடிக்கையாகவோ ஒரு நாடகத்தின் பாத்திரமாகவோ வந்துபோயின. மேட்லிபோ உருமாற்றிய குரலையும் சொந்தக் குரலையும் ஓர் ஆல்பம் முழுக்க எதிரெதிரே உட்காரவைத்து ராப் செய்யவிட்டார்.

பெயரும் கவனத்துக்குரியது. விக்டர் ஹியூகோவின் 1831-ஆம் ஆண்டு நாவலில், பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயக் கோபுரத்தில் மனிதர் கண்ணுக்கு ஒதுங்கி மணியடித்து வாழும் கூனன் குவாசிமோடோ. மேட்லிப் ஓர் எழுத்தை மாற்றி அதைத் தனதாக்கினார். மேலே ஒளிந்திருந்துகொண்டு ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒலியெழுப்புபவன் என்ற பொருத்தம் தற்செயலானதாக இருந்தாலும், இதைவிட நல்ல பெயர் கிடைத்திருக்காது.

தொடக்கத்தில் இந்தப் பதிவுகள் வெளியீட்டுக்கானவை அல்ல. மேட்லிப் தானும் நண்பர்களும் கேட்பதற்காகச் செய்த நாடாக்கள் அவை. அவற்றைக் கேட்ட வுல்ஃப், இதை ஆல்பமாக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1999-இல் ‘மைக்ரோஃபோன் மேத்தமேட்டிக்ஸ்’ என்ற 12 அங்குலத் தட்டு முன்னோட்டமாக வந்தது. அடுத்த ஆண்டு 24 பகுதிகளைக் கொண்ட முழு ஆல்பம். ஒரு பெரிய நிறுவனத்தின் அலுவலர் இந்த நாடாவைக் கேட்டிருந்தால், கீச்சுக்குரலை நீக்கிவிட்டு வா என்று சொல்லியிருப்பார் என்று தயங்காமல் எழுதலாம். வுல்ஃபின் செவிக்கு ஹிப் ஹாப் பட்டிருக்கும் கடன் சிறியதல்ல.

இங்கே ஒரு சொல்வழக்கைத் தெளிவுபடுத்திவிடலாம். மேட்லிபை ‘அவர்’ என்றும் குவாசிமோட்டோவை, சுருக்கமாகக் குவாஸை, ‘அவன்’ என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. இருவரும் ஒருவரே, என்றாலும் ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு இந்த வேறுபாடு இயல்பாகவே படும். மேட்லிப் நிதானமானவர், அதிகம் பேசாதவர், கெட்ட சகவாசத்தைப் பொறுத்துக்கொள்ளும் நண்பர். குவாஸ் வாய்த்துடுக்கு மிக்கவன், வம்பன், கஞ்சாப் புகைக்குள்ளேயே வாழ்பவன், எதிரே வந்தவன் தலையில் கல்லைப் போடத் தயங்காதவன். ‘பேட் கேரக்டர்’ என்ற பாடலின் பெயரே அவனுக்கான அறிமுகச் சீட்டு. பேசும் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சி நடத்துபவரை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மனிதர் சொல்லக் கூசுவதைப் பொம்மை சொல்லும். மனிதர் அதைக் கண்டிப்பார். சபை பொம்மையின் பக்கம் நிற்கும். ‘தி அன்சீன்’ ஆல்பத்தின் இயக்கமும் அதுவே. வேறுபாடு, இங்கே பொம்மை மரத்தால் ஆனதல்ல, காந்த நாடாவால் ஆனது.

குவாஸின் வன்முறைப் பேச்சும் பெண்களைப் பற்றிய அவன் பேச்சும் எல்லா இடத்திலும் ரசிக்கத் தக்கவை அல்ல. பொம்மையின் வாய் என்பதால் மட்டும் அவற்றுக்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது. அந்தக் கால ராப்பின் பொதுக்குறை இந்த ஆல்பத்திலும் இருக்கிறது. ஆல்பத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது: அதன் இசைத்தட்டு அலமாரியில்.

‘ரிட்டர்ன் ஆஃப் தி லூப் டிக்கா’ என்ற பாடலின் பொருளே பழைய தட்டுகளைத் தோண்டியெடுப்பது. ஹிப் ஹாப் தயாரிப்பாளர்களின் பேச்சு வழக்கில் இந்தத் தொழிலுக்கு ‘டிக்கிங்’ என்று பெயர். பழைய கடைகளில் தட்டுகள் அடுக்கிய பெட்டிகளை மணிக்கணக்கில் புரட்டி, யாரும் கவனிக்காத ஒரு தட்டிலிருந்து நான்கு விநாடி இசையைக் கண்டெடுப்பது. ‘ஜாஸ் கேட்ஸ் பார்ட் 1’ பாடலில் குவாஸ் தனக்குப் பிடித்த ஜாஸ் கலைஞர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். ராப் மரபில் தற்பெருமைக்கு ஒதுக்கிய இடத்தை அவன் முன்னோரை நினைவுகூரப் பயன்படுத்துகிறான். நம் பாகவதர்கள் கச்சேரி மேடையில் குருபரம்பரையைச் சொல்வதற்கு இது மிக அருகில் வருகிறது. ‘ஆஸ்ட்ரோ பிளாக்’ என்ற பாடலின் தலைப்பு, தான் சனி கிரகத்திலிருந்து வந்தவன் என்று சொல்லிவந்த ஜாஸ் மேதை சன் ரா 1973-இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர். வேறொரு கிரகத்துக் குரலுக்கு அந்த முன்னோர் பொருத்தமானவர்.

ஆனால் ஆல்பத்தின் உண்மையான மூதாதை மெல்வின் வான் பீபிள்ஸ். 1971-இல் ‘ஸ்வீட் ஸ்வீட்பேக்’ஸ் பேடாஸ் சாங்’ என்ற படத்தை எழுதி, இயக்கி, நடித்து, தானே பணம் திரட்டித் தயாரித்து, கறுப்பின அமெரிக்கத் திரைப்படத்தின் போக்கையே மாற்றியவர் அவர். அதற்கு முன்பே ‘ப்ரேர் சோல்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டிருந்தார். அதில் அவர் பாடுவதில்லை. இசைக்கு மேல் தெருவோர மனிதர்களின் குரலில் பேசுகிறார், முனகுகிறார், கெஞ்சுகிறார், வைகிறார். ராப் என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய முயற்சி அது. அவருடைய கரகரத்த குரலை மேட்லிப் துண்டு துண்டாக எடுத்து ஆல்பம் முழுக்கத் தூவியிருக்கிறார். ‘புட் எ கர்ஸ் ஆன் யூ’ என்ற தலைப்பும் வான் பீபிள்ஸின் மேடை நாடகப் பாடல் ஒன்றிலிருந்து வந்ததே. இதனால் ஆல்பத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் உருவாகிறார். மேட்லிப் ஒருவர், குவாஸ் ஒருவன், இருவருக்கும் பின்னால் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் கிழவர் ஒருவர். ஒருவரே பலராகப் பேசுவதை வான் பீபிள்ஸ் முன்பே செய்து காட்டியிருந்தார் என்பதால், இந்த மரியாதை தகுதியானவருக்கே போய்ச் சேர்ந்தது.

ஆல்பத்தின் சிகரம் ‘கம் ஆன் ஃபீட்’. இதில் வான் பீபிள்ஸின் குரல் ஒரு பக்கம். மறுபக்கம் 1973-இல் வெளிவந்த ‘லா பிளானெட் சோவாஜ்’ என்ற பிரெஞ்சு–செக் அனிமேஷன் படத்துக்கு அலென் கோராகே அமைத்த இசை. ரெனே லாலூ இயக்கிய அந்தப் படத்தில் நீலநிற ராட்சதர்கள் வாழும் கிரகம் ஒன்று. மனிதர்கள் அங்கே எலிகளைப்போலச் சிறியவர்கள். ராட்சதக் குழந்தைகளின் விளையாட்டுப் பிராணிகள். எண்ணிக்கை பெருகினால் நசுக்கிக் கொல்லப்படுபவர்கள். வான் பீபிள்ஸின் படமோ காவல்துறையிடமிருந்து ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கறுப்பினத்தவனின் கதை. இரண்டு ஓட்டங்களையும் ஒரு சிறிய உயிரின் குரலின்கீழ் மேட்லிப் இணைத்துவிட்டார். பேஸ் கிட்டார் அடியில் ஊர்ந்து வருகிறது. மேலே பயந்த குரல் தன் கால்களையே பார்த்துக் கெஞ்சுகிறது. இரு வேறு நாடுகளில், இரு வேறு காரணங்களுக்காகப் பிறந்த ஒலிகள் ஒன்றுக்காகவே மற்றொன்று படைக்கப்பட்டதுபோல் சேர்கின்றன. சாம்ப்ளிங் என்பது திருட்டா கலையா என்று வாதிடுபவர்கள் இந்த ஒரு பாடலைக் கேட்டுவிட்டு வாதத்தைத் தொடரலாம்.

அந்த வாதம் அன்று வெறும் ரசனைப் பிரச்சினையாக இல்லை. 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, கில்பர்ட் ஓ’சலிவனின் பாடலை அனுமதியின்றி எடுத்தாண்ட ராப் பாடகர் பிஸ் மார்க்கியின் ஆல்பத்துக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பு வழங்கியது. அதன்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் அனுமதி வாங்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும் என்ற நிலை உறுதியானது. 1980-களின் இறுதியில் பப்ளிக் எனிமி குழு செய்ததுபோல் ஒரே பாடலில் பல தட்டுகளை அடுக்கிக் கட்டுவது பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாத செலவாயிற்று. அதனால் 1990-களின் பிற்பகுதியில் துணுக்குகளின் அடர்த்தி முன்னணி ராப்பிலிருந்து குறைந்தது. அந்தப் பழைய அடர்த்தி சிறிய நிறுவனங்களின் வழியேதான் உயிர்வாழ்ந்தது. ‘தி அன்சீன்’ அதன் மிகச் செறிவான எடுத்துக்காட்டு. ஆல்பத்தின் முதல் பகுதியே ரஸ் மேயர் 1965-இல் எடுத்த குறைந்த செலவுப் படமொன்றின் முன்னுரைக் குரலோடு தொடங்குகிறது. அதற்குப் பிறகு பாடல்கள் ஒன்று முடிவதற்குள் அடுத்தது நுழைவதுபோல் வருகின்றன; பல பாடல்கள் நடுவிலேயே பீட்டை மாற்றிக்கொள்கின்றன. வானொலியின் முள்ளைத் திருப்பிக்கொண்டே இருக்கும் பின்னிரவு போன்றது அந்த அனுபவம்.

இந்தப் பதிவுகளின் காலத்தில் மயக்கம் தரும் காளான்களை உட்கொண்டிருந்ததாக மேட்லிப் சொல்லியிருக்கிறார். இசைப் பத்திரிகைகள் அந்தச் செய்தியைப் பெரிதாக்கி, ஆல்பமே போதையின் குழந்தை என்பதுபோல் எழுதின. அது சரியான வாசிப்பு அல்ல. இத்தனை தட்டுகளைத் தேடிக் கேட்டு, அவற்றில் எந்த விநாடி எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்து, மெதுவாக ஓடும் தாளத்தில் பிசகாமல் சொற்களை நிறுத்தி, பிறகு வேகம் கூட்டினால் அவை எங்கே போய் விழும் என்று முன்கூட்டியே கணித்துச் செய்வது நெடுநாள் உழைப்பின் விளைவு.

முகமூடிகள் அந்தச் சில ஆண்டுகளில் ஹிப் ஹாப் முழுக்கப் பெருகின. 1996-இல் ராப் பாடகர் கூல் கீத், கோமாளி மருத்துவன் ‘டாக்டர் ஆக்டகன்’ ஆனார். அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் டான் தி ஆட்டமேட்டர். 1998 நவம்பரில், வூ-டாங் கிளான் குழுவின் மூளையான ஆர்சா, ‘பாபி டிஜிட்டல்’ என்ற பெயரில் தன் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். 1999-இல் எம்.எஃப். டூம் உலோக முகமூடியோடு ‘ஆப்பரேஷன்: டூம்ஸ்டே’ ஆல்பத்தில் வந்தார். அதே ஆண்டில் எமினெமின் ‘ஸ்லிம் ஷேடி’ உலகப் புகழ் பெற்றான். இவற்றுள் ‘தி அன்சீன்’ ஆல்பத்தோடு நேரடியாக ஒப்பிடத் தக்கது ஆர்சாவின் முயற்சியே. அவரும் அடிப்படையில் தயாரிப்பாளர். ஆனால் ஆர்சா அப்போது புகழின் உச்சியில் இருந்தார். குங்ஃபூ ஞானி என்ற தன் பிம்பத்திலிருந்து விலகி, இளமைக்காலக் கேளிக்கைகளைப் பேசுவதற்கு அவருக்கு வேறொரு பெயர் தேவைப்பட்டது. பாபி டிஜிட்டலின் குரல் ஆர்சாவின் குரலேதான். மாறியது உடையும் கதையும். மேட்லிபிடம் கழற்றி வைப்பதற்குப் புகழோ பிம்பமோ இருக்கவில்லை. அவருடைய முகமூடி கதையால் செய்ததல்ல, ஒலியாலேயே செய்தது. பெயரை மறைத்துவிட்டாலும் குவாஸ் குவாஸாகவே இருப்பான். அந்தத் தலைமுறையின் முகமூடிகளுள் இதையே முதலிடத்தில் வைக்க வேண்டும்.

‘தி அன்சீன்’ வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2000 மே மாதத்தில், எமினெமின் ‘தி மார்ஷல் மேதர்ஸ் எல்பி’ வெளியாகி முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 17 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த வெள்ளத்தில் ஸ்டோன்ஸ் த்ரோவின் தட்டு பெரும்பான்மையோர் கண்ணில் படாதது வியப்பல்ல. ஆனால் படித்தவர்கள் கையில் நல்ல புத்தகம் பரவுவதுபோல் அது பரவியது. ‘ஸ்பின்’ இதழ் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. அதுவரை லூட்பேக் குழுவின் ஓர் உறுப்பினராக மட்டும் அறியப்பட்டிருந்த மேட்லிப், தனிப்பெயராக நிலைபெற்றார்.

அதன்பின் நடந்தவற்றில் ‘தி அன்சீன்’ ஆல்பத்தின் விளைவுகளை மட்டும் சொல்லலாம். ஸ்டோன்ஸ் த்ரோ லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. நிறுவனத்தார் சேர்ந்து வாழ்ந்த வீட்டில், பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய நிலவறை ஒன்று இருந்தது. அதுவே மேட்லிபின் ஒலிப்பதிவு அறையாயிற்று. ஒரு மாற்றுருவைக் கண்டவர் அதோடு நிற்கவில்லை. 2001-இல் ‘யெஸ்டர்டேஸ் நியூ குவின்டெட்’ என்ற ஐவர் ஜாஸ் குழுவின் ஆல்பம் வந்தது. ஐவரில் நால்வர் கற்பனைப் பெயர்கள். எல்லா வாத்தியங்களையும் வாசித்தவர் மேட்லிப். 2003-இல் புகழ்பெற்ற ஜாஸ் நிறுவனமான புளூ நோட் தன் பழைய பதிவுகளின் கிடங்கையே அவருக்குத் திறந்துவிட, ‘ஷேட்ஸ் ஆஃப் புளூ’ பிறந்தது. அனுமதியின்றித் தோண்டியவருக்குப் பெட்டகத்தின் சாவியே கிடைத்த தருணம் அது. 2004-இல் டூமோடு சேர்ந்து செய்த ‘மேட்வில்லனி’ இருவருக்கும் அழியாப் புகழைத் தந்தது. அதன் இரண்டு பாடல்களில் குவாஸும் வந்து பேசுகிறான். 2007-இல் வெளிவந்த ‘பீட் கண்டக்டா இன் இந்தியா’ ஆல்பத்தில் மேட்லிப் இந்தியத் திரையிசைத் தட்டுகளை இதே வழியில் வெட்டி ஒட்டினார்.

குவாஸின் இரண்டாவது ஆல்பம் ‘தி ஃபர்தர் அட்வென்சர்ஸ் ஆஃப் லார்ட் குவாஸ்’ 2005 மே மாதம் வந்தது. வான் பீபிள்ஸின் குரல் அதில் இன்னும் நிறைந்திருக்கிறது. ‘ஜாஸ் கேட்ஸ்’ போலவே இதில் ‘ராப்கேட்ஸ் பார்ட் 3’ என்று ஒரு பாடல். ஜாஸ் கலைஞர்களுக்குப் பதிலாக ராப் முன்னோர்களின் பெயர்வரிசை. மஞ்சள் நிற ரோமமும் நீண்ட மூக்கும் கொண்ட, கரடியா எறும்புத்தின்னியா என்று சொல்ல முடியாத கார்ட்டூன் உருவமாக குவாஸ் சுவரொட்டிகளிலும் பனியன்களிலும் இடம்பெற்றான். கையில் செங்கல்லோடு நிற்கும் அந்த உருவம் மேட்லிபின் முகத்தைவிட அதிகம் பேருக்குத் தெரியும்.

மேடையில் மட்டும் அவன் வசதியாக நின்றதில்லை. நாடாவின் வேகத்தைப் பிறகு கூட்டியே மேட்லிப் அந்தக் குரலை உண்டாக்கினார். நேரில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் காலத்தை வேகப்படுத்த எந்தக் கருவியாலும் முடியாது. ஒலிப்பதிவுக்கு வெளியே குவாஸுக்கு உயிர் இல்லை.

குரலின் சுருதியை ஏற்றிப் பாடுவது அடுத்த தலைமுறைக்குச் சாதாரணமாகிவிட்டது. 2016-இல் ஃபிராங்க் ஓஷன் தன் ‘பிளாண்ட்’ ஆல்பத்தின் முதல் பாடலை அப்படி உயர்த்திய குரலில்தான் தொடங்கினார். அதற்குள் அந்த வேலையைக் கணினி மென்பொருள் ஒரு சொடுக்கில் செய்யத் தொடங்கியிருந்தது; தாளத்தை மெதுவாக்கிவிட்டு அதன்மேல் மூச்சைப் பிடித்துப் பாடும் அவசியம் இல்லை.

2013-இல், பன்னிரண்டு ஆண்டுக் காலத்தில் அங்கங்கே பதிவாகிக் கிடந்த பாடல்களைத் திரட்டி ‘யெஸ்ஸர் வாட்எவர்’ என்ற மூன்றாவது ஆல்பத்தை ஸ்டோன்ஸ் த்ரோ வெளியிட்டது. குவாசிமோட்டோ பேசியவற்றில் ஆல்பமாக வெளிவந்தது அவ்வளவே. கேட்கத் தொடங்குபவர்கள் ‘தி அன்சீன்’ ஆல்பத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஒருமுறை முழுதாக, இடையில் நிறுத்தாமல் கேட்க வேண்டும்.